கல் வேலையில் நிற்கிறது

எங்கள் கழகத்தில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே 'செயலாளர்'. அந்தப் பக்கம் திரும்பினால் 'ஆர் சொன்ன'. பெற்றவர்கள் வைத்த பெயர் கூட்ட வரவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அதை நானும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் போன் எடுத்து ஏசுவாள்.

நான் தலைவர். ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டவன். போட்டிக்கு ஒருவரும் வரவில்லை என்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவள் எல்லாருக்கும் சொல்வாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்தான். ஆனால் கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஓய் தலைவர்" என்பாள். அந்த 'ஓய்' இல்லாமல் ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கலாம்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கே எழுவான்கரை. பட்டினம், பெரிய பள்ளிக்கூடங்கள், கடற்கரை எல்லாம் அங்கே. அந்தப் பக்கத்தில் எங்களை ஒரு பங்கு குறைவாகத்தான் பார்ப்பார்கள். "காட்டுப்பக்கத்து ஆக்கள்" என்று ஒரு பகிடி விடுவார்கள். அதைக் கேட்டால் எனக்கு அடிவயிறு எரியும். எங்களுக்கும் பழமை இருக்கிறது, பெருமை இருக்கிறது என்று காட்டத்தான் இருபது வயதில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து மரபுக் கழகம் தொடங்கினேன். எல்லாருக்கும் மஞ்சள் டீசேட் அடித்தோம். கூட்டம் தொடங்கும்போது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல ஒரு சத்தியமும் எழுதினேன். "பழம்பெரும் மண்ணின் பிள்ளைகள் நாங்கள். இந்த மண்ணையும் அதன் மரபையும் உயிராய்க் காப்போம்." எழுதி முடித்துவிட்டு நானே கண் கலங்கினேன், பொய் சொல்லவில்லை.

முதல் கூட்டத்தில் எல்லாரும் தொண்டை கிழியச் சொன்னார்கள். அவளும் சொன்னாள். ஆனால் அவளுடைய வாய் தொடக்கத்தில் ஒரு நொடி மூடியிருந்ததை நான் கவனித்தேன். 'பழம்பெரும்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மண்ணின் பிள்ளைகள்' என்று தொடங்கினாள். கூட்டம் முடிந்ததும் கேட்டேன்.

"ஏன் அந்தச் சொல்ல விட்ட?"

"எவ்வளவு பழசு?"

"என்னது?"

"ஊர். எவ்வளவு பழசு எண்டு தெரியட்டும், மறுகா சொல்றன்."

"ஆயிரம் வருசமாவது இரிக்கும்."

"ஆர் சொன்ன?"

அன்றைக்குத்தான் அந்தப் பெயர் அவளுக்கு விழுந்தது. வைத்தவன் நான்தான்.

அவள் சந்தியில் ஒரு கொமினிகேசன் கடையில் போட்டோக்கொப்பி அடிக்கும் வேலை செய்தாள். பிழைத்துப்போன கொப்பித் தாள்களை எறியவிடாமல் சேர்த்துக்கொண்டு வருவாள். ஒரு பக்கத்தில் யாருடையதோ பிறப்புச் சான்றிதழ் பாதி கறுப்பாக இருக்கும், மறுபக்கத்தில் எங்கள் ஊர் வரலாறு இருக்கும். உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் கவ்வி வைத்திருப்பாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் மூன்று வரி எழுதுவாள். சொன்னவர். இருந்த இடம். பக்கத்தில் இருந்தவர். அதற்குப் பிறகுதான் கதை.

"சொன்ன ஆள் சரி. இருந்த இடம் எதுக்குக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"வயல் வாடியில சொல்றதும் வீட்டு வாசல்ல சொல்றதும் ஒண்டா? பொஞ்சாதி பக்கத்தில இரிந்தா ஒரு கதை, கூட்டாளி இரிந்தா வேற கதை. உன்ட அப்பாவ வேணுமெண்டாக் கேட்டுப் பாரு."

கேட்டுப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

தன் சொந்த அப்பாவைக்கூட அவள் விடவில்லை. அவருடைய இளவயதில் கூத்தில் அருச்சுனன் வேடம் கட்டி விடிய விடிய ஆடியதாக அவர் சொல்லுவார். அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த நாளே அந்தக் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தாள். அந்தத் தாளை நான் பார்த்தேன். "சொன்னவர்: என்ட அப்பா. இருந்த இடம்: எங்கட வீடு. பக்கத்தில் இருந்தவர்: என்ட கலியாணம் பேச வந்த ஆக்கள்." கீழே ஒரு கோடு கீறி, "அண்ணாவியார் சொல்வது: அருச்சுனன் இல்லை. அருச்சுனனுக்குப் பின்னால் நின்ற சேனை. நன்றாக ஆடினவர்தான்" என்று எழுதியிருந்தாள். அந்தக் கலியாணப் பேச்சு சரிவரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

என்னுடைய மாமாவின் விசயம் இன்னும் மோசம். அவரிடம் ஒரு பழைய காசு இருந்தது. அரசன் காலத்துக் காசு என்று பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். கழகத்துக்குப் பெரிய மனதோடு தந்தார். அவள் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வெள்ளைக்காரனின் தலை தெரிந்தது. "ஒரு சதம்" என்றாள். மாமா ஒரு வருசம் என்னோடு கதைக்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே" என்று ஏசினேன்.

"பொறுத்துச் சொன்னா அரசன்ட தலை வருமா?"

இப்படிப்பட்ட ஒருத்தியோடு பெருமை பேசும் கழகம் நடத்துவதென்றால் எவ்வளவு கஸ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு தரம் அவளை நிறுத்திவிடலாமா என்று உறுப்பினர்களிடம் இரகசியமாகக் கேட்டேன். "நிப்பாட்டினா வேற ஆர் எழுதுற?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் கட்டடத்துக்கு ஒரு வழி பிறந்தது. சந்திக்குப் பக்கத்தில் பழைய கூட்டுறவுச் சங்கக்கடை பூட்டிக் கிடந்தது. ஓடு பாதி இல்லை, உள்ளே வௌவால். அதைத் தந்தால் திருத்தி, ஊரின் மரபுப் பொருட்களை வைத்து, கழகத்துக்கென்று ஓர் இடம் ஆக்கலாம் என்று மனுக் கொடுத்திருந்தோம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் அல்லவா? சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகு வரும் சனிக்கிழமை அதிகாரி ஒருவர் வருவார், அதே இடத்தில் ஒரு கண்காட்சி வைத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்று பதில் வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கண்காட்சிக்கு எங்களிடம் என்ன இருந்தது? உலக்கை, மரக்கால், ஓலைப்பெட்டி, இரண்டு சோடி கூத்துச் சலங்கை. எல்லா ஊரிலும் இருக்கும் சாமான். எழுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளக்க ஒன்று வேண்டும்.

அந்த நேரத்தில் கல் கிடைத்தது.

கரடியனாற்றுப் பக்கம் எங்கள் ஊராருக்கு வயல் இருக்கிறது. அங்கே வயற்பரப்பை வட்டை என்போம். எங்களுடையது மேல்வட்டை. அதற்குக் கீழே கிடப்பது கீழ்வட்டை, ஏறாவூர் முஸ்லிம் ஆக்களுடையது. அவர்களில் மூத்தவர்களைக் காக்கா என்று கூப்பிடுவோம், அண்ணன் என்பது போல. குளத்திலிருந்து வரும் வாய்க்கால் இரண்டு வட்டைக்குமாகப் பிரியும் இடத்தில், காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. பற்றை மூடியிருந்தது. கத்தியால் வெட்டிப் பார்த்தால் கல்லின் நெஞ்சில் குறுக்கே ஆழமாக ஒரு கோடு. அதற்கு மேலே இரண்டு மூன்று கீறல். எனக்கு உடம்பு புல்லரித்தது. கல்வெட்டு!

அவள் அந்த வாரம் ஊரில் இல்லை. தாயின் கண் ஒப்பரேசனுக்காகப் பெரியாஸ்பத்திரியில் நின்றாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். ஐந்து பேர் சேர்ந்து கிண்டினோம். உழவு மெசின் பெட்டியில் ஏற்றினோம். கொண்டுவந்து சங்கக்கடை முற்றத்தில் வைத்து, சவர்க்காரம் போட்டு, தும்பால் தேய் தேயென்று தேய்த்தோம். சேறு, பாசி, ஒரு பொட்டு இல்லை. கீறல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வெள்ளைப் பெயின்டும் அடித்தோம். சீமெந்தில் ஒரு மேடை கட்டினோம். படம் எடுத்து முகநூலில் போட்டேன். "ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அரச கல்வெட்டு. படுவான்கரை மண்ணின் சாட்சி." கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊர்க்காரர் எல்லாம் நெஞ்சு நிமிர்த்தி எழுதினார்கள். நான் கழுத்தில் மாலை விழுந்தவன் போல இரண்டு நாள் நடந்து திரிந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் அவள் வந்தாள். சைக்கிளை மதிலில் சாத்தினாள். கல்லை ஒருதரம் சுற்றி வந்தாள்.

"ஆர் சொன்ன?"

"இதுக்கு ஆர் சொல்லணும்? பார்த்தாத் தெரியுதே."

"பார்த்தாத் தெரியுதெண்டா கண்ணு சொன்ன. கண்ணுக்கு எந்த ஊர்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்குப் பொறாமை. நீ இல்லாத நேரம் கிடைச்சதால பொறாமை" என்று சொல்லிவிட்டேன்.

"எவடத்த எடுத்த?"

சொன்னேன். அவளுடைய முகம் மாறியது. "வாய்க்காலுக்கு உள்ளுக்கா, கரையிலயா?" என்றாள். உள்ளுக்கு என்றேன். சைக்கிளைத் திருப்பினாள். வட்டவிதானை வீட்டுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் நானும் பின்னால் ஓடினேன். வட்டவிதானை என்றால் வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், வயல்காரர் எல்லாரும் சேர்ந்து தெரிவு செய்யும் ஆள். எங்கள் மேல்வட்டைக்கு அப்போது இருந்தவர் முன்கோபக்காரர்.

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணன், வாய்க்கால் பிரியிற இடத்தில ஒரு கல் நிண்டதா?"

"நிக்குதே. ஏன்?"

"நிண்டதுதான் அண்ணன். இப்ப நிக்கல்ல."

அந்த மனிதன் எழும்பி நின்ற வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. அதன் பிறகு அவர் சொன்னதில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதியைச் சொல்கிறேன்.

"அது கல்வெட்டில்லடா மடையா! அது தண்ணிக் கல்லு! குளத்தில தண்ணி குறையிற காலம் தண்ணி அந்தக் கோட்டுக்கு மேல நிண்டா ரெண்டு வட்டையும் திறக்கலாம். கோட்டுக்குக் கீழ எறங்கினா நாங்க எங்கட வாய்க்கால் வாயில பலகையப் போட்டு மூடிப்போடணும். மிச்சத் தண்ணி முழுக்கக் கீழ்வட்டைக்கு. எங்கட அப்பாவும் ஏறாவூர்க் காக்காட வாப்பாவும் மண்வெட்டியோட வெட்டுக்குத்துக்கு நிண்டு, மறுகா சேர்ந்து நட்ட கல்லு அது. ஞாயிற்றுக்கிழமை குளத்துக் கதவு திறக்கிறாங்க. சிறுபோகத் தண்ணி வருகுது. மரபு காக்கிற ஆக்களாம்! காக்கிற ஆக்கள் புடுங்கிற ஆக்களா?"

"அண்ணன், திரும்பக் கொண்டு போய் நட்டுத் தாறம்" என்றேன்.

"எந்த மட்டத்தில நடுவாய்?"

அப்போதுதான் விளங்கியது. கல்லில் ஒன்றும் இல்லை. கல் எவ்வளவு ஆழத்தில் நின்றது என்பதில்தான் எல்லாம் இருந்தது. நான்கு விரல் ஆழமாக நட்டால் கோடு கீழே போகும், எங்கள் வட்டைக்குத் தண்ணீர் கூடும். நான்கு விரல் மேலே நட்டால் கீழ்வட்டைக்குக் கூடும். சேறு பிடித்த அடையாளமாவது கல்லில் இருந்திருக்கும். அதைத்தான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டோமே. கிண்டிய குழியும் இடிந்து அகன்று கிடந்தது. மட்டம் காட்ட உலகத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

திரும்பி வரும் வழியில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். மறைத்தால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

"இப்ப மட்டம் ஒருத்தருக்கும் தெரியாதுதானே. கொஞ்சம் ஆழமா நட்டா என்ன? நம்மட ஊருக்குத்தானே தண்ணி."

அவள் சைக்கிளை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பயம் இருந்தது.

"தலைவர், நெஞ்சில கைய வெச்சு மண் மண் எண்டு கத்துறம். கீழ்வட்டை மண் இல்லையா?"

'ஓய்' இல்லாமல் அவள் என்னைத் தலைவர் என்று கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளியலாம் போல இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் வேலைக்குப் போகவில்லை. வேலியில் இரண்டு கிளிசரியாக் கம்பு வெட்டினாள். ஒன்றில் சிவப்பு நூல் கட்டினாள், மற்றதில் வெள்ளை நூல். எங்கள் வட்டவிதானையைத் தனியாக வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கல் நின்ற குழிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னாள்.

"அண்ணன், எத்தின வருசம் இந்த வாய்க்காலில நிண்டிரிப்பீங்க. தண்ணி சரியாக் கோட்டில நிக்கக்குள்ள உங்கட காலில எவடம் நனையும்? வேற ஒருத்தரையும் கேக்காதீங்க. கால் சொல்லட்டும்."

மனிதன் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் நின்றார். குனிந்து முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடத்தைத் தொட்டார். அவள் சிவப்பு நூல் கம்பைக் காலோடு ஒட்டி வைத்து, தொட்ட இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினாள். தாளில் எழுதிக்கொண்டாள். இருந்த இடம் என்ற வரியில் "நின்ற இடம்: வாய்க்கால்" என்று திருத்தினாள்.

வரம்பில் இருந்துகொண்டு அவர் சொன்னார். "பிரச்சினைக் காலம் புள்ள. அவங்க இந்தப் பக்கம் வரேலாது, நாங்க அந்தப் பக்கம் போகேலாது. அந்த வருசமும் தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்கிச்சி. பார்க்க ஒரு சனமில்ல. மூடாமலே விட்டிரிக்கலாம். எங்கட அப்பா வந்து பலகையப் போட்டார். நான்தான் பலகைய எடுத்துக் குடுத்த."

பின்னேரம் ஏறாவூருக்குப் போனோம். கீழ்வட்டையின் வட்டவிதானை ஒரு காக்கா, எங்கள் ஆளைவிட வயது கூடியவர். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார்.

"அரசன்ட கல்லெண்டா நெனைச்சீங்க? அல்லாஹ்வே! எண்ட வாப்பா கேட்டிரிந்தாச் சந்தோசப்பட்டிரிப்பாரு."

அவரையும் கூட்டிக்கொண்டு வந்து, வாய்க்காலுக்குள் அதே குழிக்குப் பக்கத்தில் இறக்கினாள். வெள்ளை நூல் கம்பு. எங்கள் ஆள் எந்த இடத்தைக் காட்டினார் என்று காக்கா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் சாரத்தை மடித்துக்கொண்டு குனிந்து தொட்டார். "இவடம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "நல்லாக் கேட்டுக்கங்க மகள், அடுத்தவன்ட ஹக்குல, அவன்ட பங்குல, ஒரு சொட்டும் நமக்கு வேணாம். அப்படி வெளைஞ்ச சோறு தொண்டையால எறங்காது" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், ஜும்மாத் தொழுகை முடிந்து காக்காவும் வந்த பிறகு, இரண்டு வட்டைக்காரரும் வாய்க்கால் கரையில் கூடினார்கள். கல்லை மெசினில் கொண்டு வந்திருந்தோம். பெயின்டைச் சுரண்டி எடுத்திருந்தோம். இரண்டு கம்பிலும் வெட்டு எட்ட எட்ட இருந்தால் மண்வெட்டிகள் வெளியே வரும். அந்தப் பழியை என் பிள்ளைகளின் பிள்ளைகளும் சுமப்பார்கள்.

அவள் இரண்டு கம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

ஒரு விரல் வித்தியாசம். அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விசயம் இனித்தான். எந்தக் கம்பில் வெட்டு மேலே இருந்தது தெரியுமா? சிவப்பு நூல் கம்பில். எங்கள் வட்டவிதானை கோட்டை மேலே காட்டியிருந்தார், கீழ்வட்டைக்குத் தண்ணீர் கூடும் மாதிரி. காக்கா கீழே காட்டியிருந்தார், எங்களுக்குக் கூடும் மாதிரி. ஒருவரை ஒருவர் கேட்காமல், காணாமல், ஆளாளுக்குத் தன் பங்கில் கிள்ளி மற்றவன் பக்கம் வைத்திருந்தார்கள்.

பிறகு சண்டை தொடங்கியது. நான் கேட்டதிலேயே விசித்திரமான சண்டை.

"காக்கா சொன்ன மட்டத்தில நடுங்க. அவர் மூத்தவர்."

"இல்ல தம்பி, ஒங்கட கம்பு சரி. எண்ட கால் கெழட்டுக் கால்."

"அதெல்லாம் ஏலாது காக்கா!"

"சும்மா இரிங்க தம்பி!"

கடைசியில் அவள்தான் சத்தம் போட்டாள். "ரெண்டுக்கும் நடுவில நடுங்க! இருட்டப் போகுது!" எல்லாரும் சிரித்தார்கள். கல்லை இறக்கினோம். கோடு நடுவில் வரும்படி நட்டோம். நானும் மண் அள்ளிப் போட்டேன். அன்றைக்கு என் நெஞ்சில் இருந்த பெருமை அரசன் காலத்துக் கல்வெட்டு பத்துக் கிடைத்தாலும் வந்திராது. என் மக்கள் இவர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மேல்வட்டை, கீழ்வட்டை இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். வாசலில் மஞ்சள் டீசேட்டோடு வரிசையாக நின்றோம். உலக்கை, மரக்கால், ஓலைப்பெட்டி எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர் நடுவில் இருந்த கல் இல்லாத சீமெந்து மேடைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"முகநூலில ஒரு கல் பார்த்தனே. எங்க அது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் முன்னால் வந்தாள்.

"கல்லு வேலையில நிக்குது சேர்."

அவர் திரும்பிப் பார்த்தார். மேடையில் கல்லுக்குப் பதிலாக இரண்டு கம்பும், கிளிப்பால் கவ்விய தாள்களும் இருந்தன. ஒரு பக்கத்தில் யாருடையதோ கறுத்துப்போன அடையாள அட்டைக் கொப்பி. மறுபக்கத்தில், சொன்னவர், நின்ற இடம். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக வாசித்தார். வாசித்து முடியும்வரை பின்னால் வந்தவர்கள் வெயிலில் காத்து நின்றார்கள். வெள்ளை வேட்டியோடு எங்கள் வட்டவிதானையும் தொப்பியோடு காக்காவும் வந்து மேடைக்கு இரண்டு பக்கமும் நின்றதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

கட்டடம் உடனே கிடைக்கவில்லை. கடுதாசி அங்குமிங்கும் போய் வந்தது. அந்தப் போகம் வெட்டி முடிந்த பிறகு இரண்டு வட்டைக்காரரும் சேர்ந்து ஒப்பம் வைத்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் பூட்டின் திறப்பு எங்கள் கைக்கு வந்தது. இன்றைக்கும் கழகம் அங்கேதான் கூடுகிறது. நானும் இன்றைக்கும் தலைவர்தான், இப்போதும் போட்டிக்கு ஒருவரும் இல்லை. சத்தியத்தில் 'பழம்பெரும்' என்ற சொல்லை நானே எடுத்துவிட்டேன். முகநூலிலும் திருத்தி எழுதினேன். "இந்தக் கல் அரசன் வைத்ததல்ல. எங்கள் ஆட்கள் வைத்தது." அதற்கு, முதலில் போட்டதற்கு விழுந்ததில் பாதி லைக்கும் விழவில்லை. பரவாயில்லை.

அவள் வவுனியாவில் கலியாணம் கட்டிப் போய்விட்டாள். எங்கள் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். "அப்படித்தான் எண்டு ஆர் சொன்ன?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

இதை எழுதி முடித்துவிட்டு நேற்றுப் பின்னேரம் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். நல்லது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஓய் தலைவர். ஒரு விரல் எண்டு ஆர் சொன்ன?"

"நான் கண்ணால பார்த்தனே!"

"உன்ட கண்ணுதானே கல்வெட்டும் பார்த்த. போய்க் கம்பு வெச்ச பெட்டியத் திற."

போனை வைக்காமலே சங்கக்கடைக்குப் போனேன். பெட்டிக்குள் இரண்டு கம்பும் இருந்தன. காய்ந்து பாரம் குறைந்திருந்தன, நூலின் சிவப்பு வெளுத்திருந்தது. அடி ஒன்றாகும்படி மேசையில் தட்டி நிறுத்தி, இரண்டு வெட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் வைத்தேன். இடம் இருந்தது. பக்கத்தில் இன்னொரு விரல் வைத்தேன். அப்போதுதான் நிறைந்தது.

"எத்தின?" என்றாள்.

"ரெண்டு."

"ஆளுக்கு ஒரு முழு விரல் விட்டுக் குடுத்தாங்க. நீ அதைப் பாதியாக்கிப் போட்டாய்."

வாழ்க்கை முழுக்கப் பெருமையை ஊதி ஊதிச் சொன்னவன் நான். ஒரே ஒரு இடத்தில் குறைத்துச் சொல்லிவிட்டேன், அதுவும் குறைக்கவே கூடாத இடத்தில். எனக்கு அழுகை வந்தது.

மேலே 'ஒரு விரல்' என்று எழுதியதை அழிக்காமல் விட்டிருக்கிறேன், என் கண்ணின் இலட்சணம் தெரியட்டும் என்று. சரியானது இரண்டு விரல். சொன்னவர்: கம்புகள். இருந்த இடம்: சங்கக்கடை. பக்கத்தில் இருந்தவர்: நான்.